நெட் வராத தெருவுக்கும் லினக்ஸ் வரும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றில் ஏறாது. புதுக் கணினி வாங்க வசதியுள்ளவர்களுக்கு இது வெறும் செய்தி. அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த இலவச மடிக்கணினியை வைத்துத் தம்பி படிக்கும் வீடுகளுக்கு இது சிக்கல்.

தீர்வாக எல்லோரும் கைகாட்டுவது லினக்ஸை. காசு வேண்டாம். பழைய கணினியிலும் ஓடும். நகலெடுத்து நண்பருக்குக் கொடுத்தாலும் திருட்டாகாது. அதன் உரிமமே அதற்கு இடம் தருகிறது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பல கணினிகள் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்தே வந்தன. அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை; வேண்டிய மென்பொருளை இறக்க நெட்டும் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். டெபியன் லினக்ஸின் முதல் டிவிடி கோப்பு சுமார் 4 ஜிபி. விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில், நடுவில் அறுபடாமல் இருந்தால், அது இறங்க ஏறக்குறைய 9 மணி நேரம் ஆகும். நாளுக்கு 1.5 ஜிபி தரும் செல்போன் திட்டத்தில் மூன்று நாள் டேட்டா அதற்கே போய்விடும். சிறியதாக இருக்கிறதே என்று 'நெட்இன்ஸ்ட்' கோப்பை இறக்குகிற மாணவர் இன்னும் ஏமாறுகிறார். நிறுவும்போது மீதியை இணையத்திலிருந்து கொண்டுவா என்று அது கேட்கும்.

எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்வதும், எல்லோரும் எடுத்துக்கொள்ள முடிவதும் ஒன்றல்ல. இது நமக்குப் பழைய பாடம். பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறக்க 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதையொட்டி மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு போய் நீர் அருந்த வேண்டியிருந்தது. மகாத்தில் சாதி தடுத்தது. லினக்ஸை யாரும் தடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் கேபிள் வராத தெரு எது, சிக்னல் கிடைக்காத விடுதி எது என்று பார்த்தால், அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் யார் என்பது நமக்குத் தெரியும்.

இணையம் வரும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். கல்லூரியிலோ தெரிந்தவர் அலுவலகத்திலோ நல்ல இணைப்பு இருந்தால், அங்கே ஒருமுறை டெபியன் முதல் டிவிடி கோப்பை இறக்கிக்கொள்ளலாம். அதைச் சும்மா நகலெடுத்தால் போதாது; ரூஃபஸ் போன்ற சிறு மென்பொருளைக் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் எழுத வேண்டும். நிறுவும்போது இணையக் களஞ்சியம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். முகப்புத்திரை, பிரவுசர், கடிதமும் கணக்கும் எழுத லிப்ரெஆபிஸ் எல்லாம் அந்த ஒரு கோப்பிலேயே வந்துவிடும். பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முகப்புத்திரை ஏற்றது. ஒன்றை மறக்கக் கூடாது: நிறுவும்போது பழைய கோப்புகள் அழியக்கூடும். சான்றிதழ், படம், பாடக்குறிப்பு எல்லாவற்றையும் முதலில் வேறிடத்தில் எடுத்து வைக்க வேண்டும்.

பிறகு வேறு மென்பொருள் தேவைப்பட்டால், ஆப்ட்-ஆஃப்லைன் என்றொரு கருவி இருக்கிறது. அதையும் பென் டிரைவில் கொண்டுவந்து முதலில் நிறுவிக்கொள்ள வேண்டும். நெட் இல்லாத கணினி தனக்கு வேண்டியதை ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். நெட் உள்ள கணினியில் அந்தப் பட்டியலைக் கொடுத்து இறக்கி, திரும்பக் கொண்டுவந்து நிறுவலாம். மளிகைச் சீட்டு எழுதிக் கடைக்கு அனுப்புவது போலத்தான். ஒருவர் ஆப்ட்-கெட் கட்டளையால் இறக்கிய கோப்புகள் அவர் கணினியிலேயே தங்கியிருக்கும். அதே பதிப்பும் அதே வகைச் செயலியும் உள்ள மற்றவர்கள் அவற்றை வாங்கி நிறுவிக்கொள்ளலாம். ஒருவர் இறக்கினால் தெருவுக்கே ஆகும்.

இதைத் தனி மாணவரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடக் கூடாது. அரசு விடுதிகள் இனி 'சமூகநீதி விடுதிகள்' என்று அழைக்கப்படும் என 2025 ஜூலையில் முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயர்ப்பலகை மாறிய விடுதிக்குள் என்ன மாறியது என்றும் கேட்கிறோம். விடுதிக்கு ஒரு ஹார்டு டிஸ்க்கில் லினக்ஸும் வேண்டிய மென்பொருள்களும் நிரப்பித் தரலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாவட்டத் தலைநகரில் அதைப் புதுப்பித்துக் கொடுக்கலாம். ஊர்ப்புற நூலகங்களிலும் ஒன்று வைக்கலாம். மென்பொருளுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. வட்டுக்கும் ஒருவர் உழைப்புக்கும்தான் செலவு.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் பட்டாவுக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் மனு கொடுக்கிறோம். விடுதி மாணவர்கள் இதையும் ஒரு மனுவாக எழுதட்டும். நெட் கேட்பதை நாம் விடப்போவதில்லை. அது வரும்வரை, பரணில் கிடக்கும் அந்த மடிக்கணினியைக் கீழே இறக்குவோம்.