கிராசிங்கில் யார் காத்திருப்பது?

தொலைதூரத் தடங்களில் ரயில்வேக்குப் போட்டியாகத் தனியார் வண்டிகளும் ஓடினால் கட்டணம் இறங்கும் என்ற வாதம் நம் துறையில் அவ்வப்போது தலைதூக்குகிறது. ஸ்பெயினின் மாட்ரிட்–பார்சிலோனா தடத்தில் 2021இல் உய்கோ நிறுவனமும் அடுத்த ஆண்டு இர்யோ நிறுவனமும் நுழைந்தபின் கட்டணம் இறங்கியது உண்மை. ஆனால் அங்கே 2005 முதலே தண்டவாளம் அதிஃப் வசமும் வண்டிகள் ரென்ஃபே வசமும் பிரிந்து கிடந்தன. அந்தப் பிரிவினை இல்லாத இடத்தில் போட்டி என்ன ஆகும் என்பதற்குச் சித்தூரைப் பார்த்தால் போதும்.

திருப்பதி–பாகாலா–காட்பாடி 104 கி.மீ. தடத்தை இரட்டிப்பாக்க, ஏறத்தாழ 1,332 கோடி ரூபாய் செலவில், 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை முடியும்வரை அது ஒற்றைப் பாதைதான். எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஒன்று லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும். எது என்பதைச் செக்‌ஷன் கன்ட்ரோலர் தீர்மானிக்கிறார். கச்சிகூடாவிலிருந்து சித்தூர் வரும் ரயில்வேயின் வெங்கடாத்ரி எக்ஸ்பிரஸ் பத்து நிமிடம் பிந்தி, எதிரே ஒரு தனியார் வண்டி சரியான நேரத்துக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். கன்ட்ரோலர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருக்குச் சம்பளம் தருவது அந்தப் போட்டியில் ஒரு தரப்பு. தாமதத்துக்கு அபராதம் கட்ட வேண்டிய முதலீட்டாளர் இதை எப்படிக் கணக்கில் எடுக்காமல் இருப்பார்?

2020இல் 109 தடங்கள், 151 வண்டிகள், 30,000 கோடி ரூபாய் முதலீடு என்று அறிவிக்கப்பட்ட திட்டத்துக்கு, மறு ஆண்டு 12 தொகுப்புகளில் மூன்றுக்கே ஏலக்கேட்பு வந்தது. கேட்ட இருவரில் ஒருவர் ரயில்வேயின் சொந்தப் பிள்ளையான ஐஆர்சிடிசி! வருவாய்ப் பங்கும் தடக் கட்டணமும் அதிகம் என்பது வழக்கமான விளக்கம். அது பாதிக் காரணமே. தனியார் வண்டி புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் அதேபோன்ற ரயில்வே வண்டி கிளம்பாது என்று அந்தத் திட்டம் உறுதியளித்தது. வழக்கைத் தீர்க்க நடுவர் இல்லாததால் போட்டியையே விலக்கிவைத்த ஏற்பாடு அது. ரயில் மேம்பாட்டு ஆணையத்துக்கு அமைச்சரவை 2017இலேயே ஒப்புதல் தந்தும், சட்ட அதிகாரமுள்ள ஒழுங்குமுறை அமைப்பு அப்போது இல்லை.

லாபமான ஏசி பயணிகளைத் தனியார் அள்ளிக்கொண்டு, சாதாரண வகுப்பின் நஷ்டத்தை ரயில்வே தலையில் விட்டுவிடுவார்கள் என்ற எதிர்ப்பைத் தள்ளிவிட முடியாது. எனினும் 2023 ஏப்ரல் முதல் செகந்திராபாத்–திருப்பதி வந்தே பாரத்தை ஏசி இருக்கைகளுடன் ஓட்டுவது ரயில்வேதான். சாதாரண வகுப்பின் நஷ்டத்தில் ஒரு பங்கைத் தடக் கட்டணத்தில் வெளிப்படையாகச் சேர்த்துவிட்டால், யார் ஓட்டினாலும் அந்தச் சுமை பொதுவாகிவிடும். காட்பாடி வரை இரண்டாவது தண்டவாளம் விழுவதற்குள் அந்தக் கணக்கையும், கிராசிங் முன்னுரிமை விதிகளையும் ரயில்வே வாரியத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பு எழுதி வெளியிட வேண்டும்.