தேய்ந்த நாடாவும் ஒரு மூலமே

ஜப்பானிய வீடியோ கேசட்டுகளையும் லேசர் டிஸ்க்குகளையும் தேடிச் சேகரிப்பவர்களைக் கல்விப்புலம் இன்றளவும் பொழுதுபோக்காளர்களாகவே எண்ணுகிறது. இறந்துபோன தொழில்நுட்பத்தின் மீது கொண்ட மோகம், அரியதைக் கையில் வைத்திருக்கும் பெருமிதம் என்று அச்செயல் இரண்டு சொற்றொடர்களில் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அந்த எண்ணத்தில் பாதி உண்மை. மறுபாதியில், திரைப்பட ஆய்வு நேர்கொள்ளத் தயங்கும் மூல ஆதாரச் சிக்கல் ஒன்று இருக்கிறது.

ஒரு திரைப்படத்தின் மூலம் திரையரங்கிற்கான படச்சுருள். வீட்டுக்கு வரும் கேசட் அதன் தாழ்ந்த நகல். திரைப்பட வரலாறு இந்த அனுமானத்தின் மீதே எழுதப்பட்டிருக்கிறது. 1980களின் ஜப்பானுக்கு இது பொருந்தாது. 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய, மமோரு ஓஷீயின் ‘டல்லோஸ்’ திரையரங்குக்கோ தொலைக்காட்சிக்கோ அன்றி நேரடியாக வீடியோவுக்கென உருவான முதல் அசைவூட்டப் படைப்பாகக் கருதப்படுகிறது. ஓவிஏ என்னும் வகைமை அதிலிருந்து வளர்ந்தது. 1989இல் தோயெய் நிறுவனம் ‘வி-சினிமா’ என்ற பெயரில் நடிகர்களைக் கொண்ட படங்களையும் நேரடியாக வீடியோவில் வெளியிடத் தொடங்கியது. பின்னாளில் உலகத் திரைப்பட விழாக்கள் கொண்டாடிய தகாஷி மீகெ, கியோஷி குரோசாவா ஆகியோர் இத்தகைய வீடியோ படங்களில் நெடுங்காலம் உழைத்தவர்கள். இப்படைப்புகளுக்குக் கேசட்டே முதற்பதிப்பு. பலவற்றுக்கு அதுவே கடைசிப் பதிப்பும்கூட.

அவை அரியவையானதற்கும் காரணம் உண்டு. இவ்வகைக் கேசட் ஒன்றின் விலை பெரும்பாலும் பத்தாயிரம் யென்னைத் தாண்டியது. அவ்விலையைத் தனிமனிதர்கள் தரமாட்டார்கள். வாடகைக் கடைகள் தந்தன. கடைகள் டிவிடிக்கு மாறியபோதும், பின்னர் அடியோடு மூடப்பட்டபோதும், நூற்றுக்கணக்கான முறை ஓடித் தேய்ந்த நாடாக்கள் குப்பைக்குச் சென்றன. எஞ்சியவற்றின் உறையில் இன்றும் கடையின் ஒட்டுச்சீட்டு இருக்கிறது. சேகரிப்பாளர் அதைக் குறையாகக் கணக்கிட்டு விலையைக் குறைக்கிறார். ஆய்வாளருக்கோ அப்படைப்பு எவ்வழியாகப் பார்வையாளரைச் சென்றடைந்தது என்பதற்கான சான்று அது.

எந்தப் படப்பட்டியலிலும் இடம்பெறாதவையும் உள்ளன. 1982இல் பயனீர் நிறுவனம் லேசர் டிஸ்க் வழியாகக் கரோக்கேவை அறிமுகப்படுத்தியது. பாடல்வரிகளுக்குப் பின்னால் ஓடுவதற்கென்றே காட்சிகள் படமாக்கப்பட்டன: மழையில் நனைந்த தெரு, ரயில் நிலையம், துறைமுகம், பெயர் தெரியாத நடிகர்கள். இயக்குநர் பெயரோ விமர்சனமோ பெரும்பாலும் இன்றிப் போன இக்காட்சிகள் அக்கால நகர வாழ்வின் தற்செயலான ஆவணம். அவற்றைத் தேடி எடுப்பவர்கள் சேகரிப்பாளர்கள்தான்.

கருவிகளின் கதை இன்னும் கடுமையானது. 1981இல் ஜப்பானியச் சந்தைக்கு வந்த லேசர் டிஸ்க்கில் படம் எண்முறையில் பதியப்படவில்லை. அது ஒப்புமைச் சமிக்ஞை. கணினியில் செருகி நகலெடுக்க இயலாது. உரிய கருவியில் ஓட்டித்தான் பதிவுசெய்ய வேண்டும். ஜேவிசி 1983இல் வெளியிட்ட விஎச்டி தட்டை ஊசி ஒன்று தொட்டுப் படிக்கிறது; ஊசி தேய்ந்தால் தட்டு ஊமையாகிவிடும். பயனீர் 2009இல் லேசர் டிஸ்க் கருவிகளின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஃபுனாய் 2016இல் கைவிட்டது. இன்று இயங்கும் ஒவ்வொரு கருவியும் பழுதான இன்னொரு கருவியின் உதிரிபாகத்தால் உயிர்வாழ்கிறது.

‘முக்கியமானவை எப்படியும் மறுவெளியீடு காணும்’ என்பது வழக்கமான மறுமொழி. ஓஷீயின் ‘தேவதையின் முட்டை’ (1985) போன்று புகழ்பெற்றவை மீட்கப்படுகின்றன, உண்மைதான். ஆனால் மறுவெளியீடு என்பது மற்றொரு பதிப்பு. நிறம் திருத்தப்படலாம், படச்சட்டம் வெட்டப்படலாம், உரிமை கிடைக்காத இசை மாற்றப்படலாம். 1997இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் மாற்றியமைக்கப்பட்டபின், முந்தைய வடிவத்தைத் தேடியவர்கள் நாடியவற்றுள் 1986இன் ஜப்பானிய லேசர் டிஸ்க்கும் ஒன்று. சுவடிப் பதிப்பில் பாடவேறுபாட்டைக் குறிக்காத பதிப்பாசிரியரை நாம் ஏற்பதில்லை. இணையச் சேவையில் கண்ட பிரதியை 1985இன் படைப்பென்று மேற்கோள் காட்டும் ஆய்வேட்டை மட்டும் ஏற்கிறோம்.

சேகரிப்பாளர்களிடம் குறையில்லை என்பதல்ல. பிரிக்கப்படாத உறை, கிழியாத ‘ஓபி’ பட்டை ஆகியவற்றுக்கு விலை ஏறும்போது, பார்ப்பதற்காகப் பிறந்த பொருள் பார்க்கப்படாமல் இருப்பதே மதிப்பாகிறது. அந்த மதிப்பும் பொய்யானது. டிஸ்க்கின் அலுமினியப் பூச்சு ஆக்ஸிஜனேற்றத்தால் உள்ளிருந்தே அழியக்கூடும். பிரிக்காத உறை அதைத் தடுப்பதில்லை. எண்முறைக்கு மாற்றப்படாத காந்த நாடாக்கள் 2025க்குள் மீட்க இயலாதவை ஆகக்கூடும் என்று யுனெஸ்கோவின் திட்டமொன்றும் ஒலி-ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2019இல் எச்சரித்தன. அந்தக் கெடுவும் வந்துவிட்டது.

சட்டத்தின் காலக்கணக்கு வேறு. ஜப்பானில் திரைப்படைப்புக்கான பதிப்புரிமை வெளியீட்டிலிருந்து 70 ஆண்டுகள். 1983இல் வெளியானது 2053 முடியும்வரை காக்கப்படும். நாடா அதுவரை காத்திருக்காது. உரிமையாளர் யாரென்றே தெரியாத படைப்புகளில் இந்த இடைவெளி ஒரு மரண தண்டனைக்கு நிகரானது. அனுமதியற்ற பொதுப்பகிர்வு இதற்குத் தீர்வாகாது. பாதுகாப்பதற்காக நகலெடுத்தல், பரப்புதல் ஆகிய இரண்டையும் பிரித்துப் பார்க்கும் நிறுவன ஏற்பாடே தேவை.

கருவியின் லேசர் படித்த மூலச் சமிக்ஞையையே நேரடியாகப் பதிவுசெய்யும் ‘டூம்ஸ்டே டூப்ளிகேட்டர்’ என்னும் திறந்தமூலக் கருவியை உருவாக்கியவர்கள் ஆர்வலர்களே. பெரும் காப்பகங்கள் செய்திருக்க வேண்டிய பணி அது. கல்விப்புலம் செய்ய வேண்டியவை எளியவை: மேற்கோளில் ஊடக வடிவம், வெளியீட்டு ஆண்டு, பட்டியல் எண் ஆகியவற்றைக் குறித்தல், சேகரிப்பாளரின் உழைப்புக்கு நன்றியுரையில் அன்றி ஆதாரப் பட்டியலில் இடமளித்தல், பல்கலைக்கழக நூலகங்களில் இயங்கும் கருவி ஒன்றையேனும் பேணுதல். இந்தியாவில் ஜப்பானியத் திரைப்படத்தை ஆராயும் மாணவர் இணையச் சேவை தருவதை மட்டுமே பார்க்க நேர்கிறது. சந்தை தேர்ந்து கொடுத்ததையே அவர் வரலாறென்று எழுத வேண்டியிருக்கிறது.

எது மறுவெளியீடு காணும் என்பதை வணிகம் முடிவுசெய்யலாம். எது ஆராயத்தக்கது என்பதையும் அதனிடமே விட்டுவிட்டால், ஆய்வாளர் என்ற பெயருக்கு என்ன பொருள்?