மாண்டூ ஊசியும் நர்ஸ் வேலையும்

மாண்டூ டெஸ்ட்டில் பாசிட்டிவ் என்றாலே டி.பி. என்று தெருவில் உள்ளவர்கள் நினைத்தால் மன்னிக்கலாம். ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களே நினைத்தால்?

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தாள். டெஸ்ட் பாசிட்டிவ் வந்ததும் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். செய்தி அவளுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது. பேசி வைத்திருந்த சம்பந்தமும் நின்றுபோனது. எக்ஸ்ரேயிலும் சளிப் பரிசோதனையிலும் அவளுக்கு ஒன்றுமில்லை. அதை யார் கேட்டார்கள்?

ஷார்ல் மாண்டூ என்ற பிரெஞ்சு டாக்டர் 1908-ல் வெளியிட்ட முறை இது. (பிரெஞ்சு வழியில் படித்த பாவத்துக்குச் சொல்கிறேன், அந்தப் பெயரின் கடைசி எக்ஸுக்கு ஒலி கிடையாது. 'மாண்டாக்ஸ்' என்காதீர்கள்.) முன்கைத் தோலில் ஊசி போட்டு, 48 மணி முதல் 72 மணிக்குள் தடிப்பை அளப்பார்கள். தடிப்பு 10 மில்லிமீட்டர் இருந்தால் பொதுவாக பாசிட்டிவ். கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது, உடம்புக்கு அது ஞாபகம் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் தடிக்கலாம். கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் ஆளிடமிருந்து யாருக்கும் ஒட்டாது.

2019-21 தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100-க்கு 31 பேருக்கு இந்தத் தொற்று இருந்தது. அதே ஊசியை முதலாளிக்கும் கேஷியருக்கும் போட்டுப் பார்க்கட்டுமே! அவளுக்கு அந்தக் கிருமி எங்கே வந்தது என்றும் விசாரிக்கட்டும். ஜன்னலை அடைத்து ஏ.சி. போட்ட வார்டில், உருப்படியான மாஸ்க் இல்லாமல், இருமுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்றவள் அவள்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில், டி.பி. நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. நோயாளியையே வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது நம் சென்னை. இங்கே நோயில்லாதவளை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறார்கள்.

தொற்று உள்ளவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் நோய் வரலாம் என்பது உண்மை. அதற்குத் தடுப்பு மாத்திரை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, சாயங்காலக் காய்ச்சலோ, எடைக் குறைவோ வந்தால் உடனே சளியைப் பார்க்கட்டும். நோய்தான் என்றால், பரவாத நிலை வரும்வரை சம்பளத்தோடு லீவு கொடுக்கட்டும்.

மகளை நர்ஸ் வேலைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர்களே, இப்படி நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காலமெல்லாம் ஃபைல் பார்த்தவன் சொல்கிறேன், எழுதித் தரச் சொன்னதும் பலருக்குப் பேனா ஓடாது. எக்ஸ்ரே, சளி ரிப்போர்ட் நகல்களையும் மறக்காமல் வாங்கி வையுங்கள்.