மேப்பிள் பாணி ரின்னும் ஒரு நீராவிப் படகும்

வீட்டுப் பட்டறை என்றதும் பலருக்குக் கண்ணில் தெரிவது ஒரு பெரிய கராஜ், சுவர் முழுக்கக் கருவிகள், நடுவில் ஒரு லேத் மெஷின். "எங்கட அப்பார்ட்மெண்டில அதுக்கு எங்க இடம்?" என்பதோடு கதை முடிந்துவிடும். பிள்ளை திரும்பவும் ஐபாட்டுக்குப் போய்விடும்.

இந்த மாதப் பத்தி அந்தக் கேள்விக்கான பதில்தான். ஒரு சமையலறை மேசை, ஏழு கருவிகள், ஒரு காலி ரின். இவ்வளவும் இருந்தால் உண்மையான நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்யலாம். ஊரில் கோயில் திருவிழாக் கடைகளில், அகலமான தண்ணீர்த் தட்டில் 'டப் டப்' என்று சுற்றிக்கொண்டிருக்குமே ஒரு தகரப் படகு, அதுதான். உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். பிள்ளைகளிடம் கேட்டால், 'பொன்யோ' படத்தில் வருமே என்பார்கள். 2008இல் வந்த அந்த ஜப்பானியப் படத்தில் பொன்யோவும் சோசுகேயும் ஏறிப் போவது இதே படகின் பெரிய வடிவம்.

சின்ன விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். தோமஸ் பியோ என்பவர் 1891இல் பிரித்தானியாவில் இதற்குக் காப்புரிமை கேட்டார். மாடல் எஞ்சினியரிங் பொழுதுபோக்குக்கென்றே லண்டனில் 'தி மாடல் எஞ்சினியர்' சஞ்சிகை தொடங்கியது அதற்குப் பிறகு, 1898இல்தான்.

சாமான் வாங்க சந்தைக்கு

மொன்றியலில் இருப்பவர்களுக்கு ஜான்-டலோன் சந்தையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து நீலக்கோட்டு மெற்றோவில் ஏறினால் ஒரே ஸ்டேஷன். 1933இல் 'வடக்குச் சந்தை' என்ற பெயரில் திறந்தபோது, அதற்கு முன் அந்த நிலம் லக்ரோஸ் விளையாட்டு மைதானமாக இருந்தது. இன்று நாங்கள் ஓகஸ்டில் கத்தரிக்காயும் மிளகாயும் கூடை கூடையாக வாங்குகிற இடம்.

இந்த முறை மரக்கறியோடு ஒரு மேப்பிள் பாணி ரின்னும் வாங்குங்கள். போத்தல் வேண்டாம், படம் போட்ட 540 மில்லிலீற்றர் ரின். பாணியை அப்பத்துக்கோ தோசைக்கோ ஊற்றித் தீர்த்தபின், அந்த ரின்தான் எங்கள் மூலப்பொருள். இரண்டு மூடிகளையும் எடுத்து விரித்தால் 25 சென்ரிமீற்றருக்கு மேல் நீளமும் 10 சென்ரிமீற்றருக்கு மேல் அகலமும் உள்ள நல்ல தகடு கிடைக்கும். இன்னும் பெரிய தகடு வேண்டுமென்றால், சந்தையைச் சுற்றியுள்ள இத்தாலியக் கடைகளில் விற்கும் 3 லீற்றர் ஒலிவ் எண்ணெய் ரின் இருக்கிறது.

வாங்குமுன் ஒரு சோதனை. பையில் ஒரு ஃபிரிட்ஜ் காந்தம் வைத்திருங்கள். ஒட்டினால் அது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு, அதாவது நாங்கள் சொல்லும் தகரம். ஒட்டாவிட்டால் அலுமினியம். தகரத்தில் ஈயப்பற்று இலகுவாகப் பிடிக்கும். அலுமினியத்தில் சாதாரண முறையில் பிடிக்காது. பிள்ளையின் கையில் காந்தத்தைக் கொடுத்துவிட்டால் சந்தை முழுக்கப் பரிசோதனை நடக்கும், கவனம்.

ஏழு கருவிகள்

தகரக் கத்திரி, மூக்குக் குறடு, அரம், சின்ன இரும்பு வாள், வைஸ், வேணியர் இடுக்கிமானி, சோல்டரிங் அயன். சுத்தியலும் ஆணியும் எல்லா வீட்டிலும் இருக்கும், அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. புதிதாக எல்லாம் வாங்க வேண்டியதில்லை. பழைய சாமான் கடையில் கிடைக்கும் நல்ல அரம், புதிய மலிவு அரத்தைவிட நன்றாக வெட்டும்.

வைஸை மேசையில் ஆணி அடித்துப் பூட்ட முடியாதே என்று கவலை வேண்டாம். தடித்த பலகை ஒன்றில் அதைத் திருகாணியால் பூட்டி, அந்தப் பலகையை இரண்டு கிளாம்ப் போட்டு சமையலறை மேசையோடு இறுக்குங்கள். வேலை முடிந்ததும் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடலாம். மைனஸ் 20இல் பால்கனிப் பக்கம் போக முடியாத மாதங்களிலும் பட்டறை திறந்திருக்கும்.

கருவி வாங்குவதைவிட அதைப் பிடிக்கத் தெரிவது முக்கியம். அரம் முன்னுக்குத் தள்ளும்போது மட்டும்தான் வெட்டும். பின்னுக்கு இழுக்கும்போது தூக்க வேண்டும். அழுத்தி இழுத்தால் பல் மழுங்கும். வாளின் பற்கள் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். வெட்டும்போது எந்நேரமும் குறைந்தது மூன்று பற்களாவது உலோகத்தில் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அதனால்தான் மெல்லிய குழாய்க்கு அங்குலத்துக்கு 32 பல் உள்ள அலகு. இதெல்லாம் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கைக்கு வர ஒரு மாதம் எடுக்கும். அந்த ஒரு மாதம்தான் பிள்ளைக்கு நல்லது.

வெட்டிப் பழகுவதற்கு முன் கழற்றிப் பழகலாம். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். உழைத்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, முழுக்கக் கழற்றித் திரும்பப் பூட்டித்தான் இயந்திரம் படித்தார். உங்கள் வீட்டில் பழுதான டோஸ்டர் இருந்தால் அதே பாடம் அதிலும் இருக்கிறது. ஒரே நிபந்தனை, பிளக் கம்பியை முதலில் வெட்டிவிடுங்கள்.

எஞ்சின்: ஒரு செப்புக் குழாய், அவ்வளவுதான்

இந்தப் படகின் எஞ்சினில் சுழலும் பாகம் ஒன்றுமே இல்லை. வெளிவிட்டம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் உள்ள மென்செப்புக் குழாய் ஒரு அடி போதும். அதை ஒரு தடித்த மார்க்கர் பேனாவைச் சுற்றி இரண்டு, மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். வெறுமனே வளைத்தால் குழாய் நசுங்கும். அதற்கு ஒரு தந்திரம்: குழாய்க்குள் நன்றாகக் காய்ந்த தூள் உப்பை இறுக நிரப்பி, இரண்டு முனையையும் டேப்பால் மூடிவிட்டு வளையுங்கள். உள்ளே உப்பு தாங்குவதால் நசுங்காது. பிறகு தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து போய்விடும். மணலும் போடலாம், ஆனால் மணல் கரையாது.

வளைக்க வளைக்கச் செம்பு கடினமாகும். அப்போது பலவந்தம் பண்ணக் கூடாது. உப்பு முழுவதையும் கழுவி எடுத்து, இரண்டு முனையும் திறந்திருக்க, மங்கிய சிவப்பாகும் வரை ரோர்ச்சால் சூடாக்கி ஆறவிட்டால் திரும்ப இளகும். இது பெரியவர்கள் வெளியில் செய்ய வேண்டிய வேலை. தங்க வேலை தெரிந்த குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள், கம்பி இழுக்கும்போது இடைக்கிடை காய்ச்சுவது இதற்காகத்தான் என்பார்கள்.

படகு

முதலில் கார்ட்போர்டில் ஒரு மாதிரி வெட்டி மடித்துப் பாருங்கள். தகரத்தை வெட்டுவதைவிட மடிப்பது நல்லது. மூட்டு குறைந்தால் ஒழுக்கும் குறையும். வெட்டின ஓரம் கத்தி மாதிரி இருக்கும். அதனால் முதல் வேலை, ஓரத்தை அரத்தால் தேய்த்து, பிறகு 3 மில்லிமீற்றர் அளவுக்கு உள்ளே மடித்துத் தட்டுவது. வெட்டும்போது கையுறை கட்டாயம்.

முன்முனை மூட்டுக்கு ஈயப்பற்று. பெயர் ஈயப்பற்று என்றாலும் ஈயம் இல்லாத சோல்டர் வாங்குங்கள். வெள்ளீயமும் செம்பும் கலந்தது, ஏறக்குறைய 227 டிகிரியில் உருகும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் மேசையில் ஈயம் வேண்டவே வேண்டாம். ரின்னின் உட்பக்கத்தில் மெல்லிய பூச்சு இருந்தால் மணல்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஃபிளக்ஸ் தடவுங்கள். அயனால் சோல்டரை உருக்கி மேலே சொட்டவிடக் கூடாது. தகரத்தைச் சூடாக்க வேண்டும். தகரம் சூடாகி அதுவே சோல்டரை உருக்கி உள்ளே இழுக்க வேண்டும். 60 வாட்டுக்குக் குறையாத அயன் வேண்டும். சமையலறைப் புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டு அதன் கீழே செய்யுங்கள்.

ஒழுகுதா என்று பார்க்க, படகுக்குள் தண்ணீர் ஊற்றிப் பத்திரிகைத் தாள் மேல் பத்து நிமிடம் வையுங்கள். தாளில் கறுத்த புள்ளி வந்த இடத்தில்தான் ஒழுக்கு.

பிறகு பின்பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே வரும் இடத்தில், கட்டையை முட்டுக்கொடுத்து ஆணியால் இரண்டு துளை. குழாயின் இரண்டு முனையும் அதனூடாகப் பின்னோக்கி வெளியே வரவேண்டும். இடைவெளியை எபொக்சியால் அடையுங்கள். சுருளுக்குக் கீழே ஒரு சின்ன மெழுகுவர்த்தி. தேங்காயெண்ணெயும் விளக்குத்திரியும் சாமியறையில் இருக்குமே, அதையும் பாவிக்கலாம்.

ஏன் ஓடுது?

குழாயை ஸ்ட்ரோவால் தண்ணீர் விட்டு நிரப்பி, பாத்டப்பில் வைத்து, திரியைக் கொளுத்துங்கள். சுருளில் உள்ள தண்ணீர் ஆவியாகி, குழாயில் மீதியுள்ள தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும். படகு முன்னே போகும். ஆவி குளிர்ந்த பகுதிக்கு வந்ததும் திரும்பத் தண்ணீராகிச் சுருங்கும். வெளித்தண்ணீர் உள்ளே வரும். திரும்பவும் சூடு, திரும்பவும் தள்ளல்.

என் மகள் இதில் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, தண்ணி உள்ள வரேக்க படகு பின்னுக்குப் போகோணுமே?"

"ஒரு மெழுகுதிரியை ஊதி அணை, பிள்ளை."

அணைத்தாள்.

"இப்ப உறிஞ்சி அணை."

முடியவில்லை. ஊதும்போது காற்று ஒரே திசையில் போகும். உறிஞ்சும்போது எல்லாப் பக்கத்தாலும் வரும். தண்ணீரும் அப்படியே. அதனால் மிச்சமாக இருப்பது முன்னோக்கிய தள்ளல்தான்.

ஓடாவிட்டால் மூன்று இடத்தைப் பாருங்கள்: குழாயில் காற்று மாட்டியிருக்கலாம், சுவாலை சுருளைத் தொடாமல் இருக்கலாம், குழாய் முனை தண்ணீருக்கு வெளியே இருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, கொப்பியில் எழுதுங்கள். நான் வேலையில் கோட் பிழை தேடுவதும் இதே முறைதான். ஒரே வித்தியாசம், தகரத்தில் 'அண்டூ' பொத்தான் கிடையாது. வெட்டினால் வெட்டினதுதான். இரண்டு தரம் அளக்கும் பழக்கம் அதனால் தானாக வரும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. எந்தக் காரணத்துக்காகவும் குழாயின் முனைகளை அடைத்துச் சூடாக்கக் கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். இந்தப் படகு பயமில்லாதது இரண்டு முனையும் திறந்திருப்பதால் மட்டுமே. மூடிய கொதிகலன் என்றால் வெள்ளிப்பற்று, பாதுகாப்பு வால்வு, அழுத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டும். அது வேறு பாடம், கிளப்பில் தெரிந்தவர்களோடு சேர்ந்து படிக்க வேண்டியது.

மேசையில் இன்னொரு கதிரை

எங்கள் தலைமுறை பிள்ளைகளோடு கதைக்கும் தமிழை யோசித்துப் பாருங்கள். வா, போ, சாப்பிடு, படி, சத்தம் போடாதே. சாப்பாட்டுத் தமிழும் ஏச்சுத் தமிழும்தான். அரம், குறடு, தகரம், பற்றவைத்தல், ஒழுக்கு இதெல்லாம் எங்கே போனது? மறந்து போகவில்லை. சொல்லுகிற சந்தர்ப்பம் இல்லாமல் போனது. கருவி வீட்டை விட்டுப் போனால் அதன் பெயரும் கூடவே போய்விடும்.

எங்கள் வீட்டில் என் அப்பாவுக்குப் பிரெஞ்சு வராது. மகளுக்குத் தமிழ் பாதிதான் வரும். ஒரே சோபாவில் இருந்தும் "சாப்பிட்டியா?", "ஓம் அப்பப்பா" என்பதற்கு மேல் கதை போனதில்லை. தகரம் மேசைக்கு வந்த பிறகு நிலைமை வேறு. "அப்பப்பா, குறட்டால இதைப் பிடியுங்கோ, நான் அராவுறன்" என்று அவள் சொன்னபோது நான் பக்கத்து அறையில் இருந்தேன். அராவுதல் என்ற சொல்லை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே அது வாயில் வந்து இருபது வருடமாகியிருக்கும்.

சந்தையில் இருந்து கிழக்கே சில கிலோமீற்றரில், ரோஸ்மோண்ட் பகுதியில், கனேடியன் பசிபிக் ரயில்வேயின் ஆங்கஸ் பட்டறைகள் இருந்தன. 1904 முதல் 1992 வரை அங்கே நீராவி ரயில்களும் பெட்டிகளும் செய்தார்கள், திருத்தினார்கள். இன்று அதன் ஒரு பழைய கட்டடத்தில் சூப்பர்மார்க்கெட் நடக்கிறது. செய்கிற இடங்கள் எல்லாம் வாங்குகிற இடங்களாக மாறிய நகரத்தில், வீட்டு மேசையில் ஒரு மூலையாவது செய்கிற இடமாக இருக்கட்டும்.

படகு ஓடிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்-கொன்ஸ்தான் எக்ஸ்போரெயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரிய நீராவி எஞ்சின்களுக்கு முன்னால் நின்று, "இதுக்கும் எங்கட படகுக்கும் என்ன ஒற்றுமை?" என்று கேளுங்கள். பதிலைத் தமிழில் சொல்ல அவர்களிடம் இப்போது சொற்கள் இருக்கும்.

சுருள் படகு மெல்ல உறுமுமே தவிர 'டப் டப்' என்று சத்தம் போடாது. அந்தச் சத்தத்துக்கு, மெல்லிய தகட்டு மேற்பரப்பு உள்ள சின்னக் கொதிபெட்டி வேண்டும். தகடு உள்ளும் வெளியும் துள்ளுவதுதான் சத்தம். அதை அடுத்த மாதம் செய்வோம். அதுவரைக்கும் ஒரு ரின் பாணியைத் தீர்த்து, கழுவிக் காயவைத்து, காந்தத்தோடு தயாராக இருங்கள்.