அரசியல் அறிவியல் படித்தால் என்ன கிடைக்கும்?



சென்ற மாதம் ராணிப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரர் என்னைக் காண வந்திருந்தார். தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிபவர். கையில் ஒரு சிறு நூல் வைத்திருந்தார். பல்கலைக் கழகமொன்றின் அரசியல் அறிவியல் துறை வெளியிட்ட ஆண்டறிக்கை அது. இளங்கலை முடித்த அவருடைய மகள் அந்தத் துறையில் முதுகலை பயில விரும்புகிறாள். "இதைப் படித்துவிட்டு அப்புறம் வேண்டாமென்று சொல்லுங்கள், அத்தா" என்று கையில் திணித்து விட்டாளாம்.

"பாய், சாதனை, சாதனை என்று பத்துப் பக்கம் போட்டிருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லையே!" என்றார் அவர்.

அவரைக் குறை கூற மாட்டேன். வணிகவியல் படித்தால் கணக்கர், கணிப்பொறி படித்தால் பெங்களூர் என்று நம் வீடுகளில் பாதை போட்டு வைத்திருக்கிறோம். அரசியல் அறிவியல் என்றால், "பெண்பிள்ளை தேர்தலில் நிற்கப் போகிறாளா?" என்று கேட்டு முடித்து விடுகிறோம். ஆகவே இருவரும் அமர்ந்து அந்த நூலைப் புரட்டினோம்.

'நெட்' தேர்வில் வென்ற மாணவர்களின் பெயர்கள் முதலில் இருந்தன. கல்லூரி விரிவுரையாளராவதற்குத் தகுதி தரும் தேசியத் தேர்வு அது. அதில் முன்னணியில் வருவோருக்கு இளநிலை ஆய்வு உதவித்தொகையும் கிடைக்கிறது. 2023 ஜனவரி முதல் அது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். இதைச் சொன்னதும் சகோதரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்! சிறுபான்மை மாணவர்களுக்கென 2009இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022–23 முதல் புதியவர்களுக்கு இல்லையென்று நிறுத்தப்பட்டது. எனவே நம் பிள்ளைகளுக்கு 'நெட்' வாயில் முன்னைவிட முக்கியமாகி விட்டது. குடிமைப் பணித் தேர்விலும் இப்பாடத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள்கள், 500 மதிப்பெண்கள்.

அடுத்து, இளையோர் நாடாளுமன்றப் போட்டியில் பரிசு. 1966 முதல் மத்திய அரசு நடத்தி வரும் திட்டம் இது. கோப்பைதானே என்று எண்ண வேண்டாம். எதிர்த்தரப்பு பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு எழுந்து பதில் சொல்லும் பழக்கம் நம் ஜமாஅத் கூட்டங்களிலேயே எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஆசிரியர்களின் சாதனைப் பக்கத்தில் கருத்தரங்குகளின் பட்டியல் நீண்டது. வாசித்த கட்டுரைகளின் எண்ணிக்கையை நான் பெரிதாக மதிப்பதில்லை. நூல்களைத் தேடினேன். தமிழ் முஸ்லிம்களின் அரசியல் வரலாற்றை ஆராய்ந்து கென்னத் மெக்ஃபர்சன் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் எழுதிய நூல் 2010இல் வந்தது. அதற்கு முன்பே ஜே.பி.பி. மோர் 1997இலும், அப்துல் காதர் ஃபக்ரி 2008இலும் இதே துறையில் நூல்களை வெளியிட்டனர். நம் பாட்டன்மார் எந்தக் கட்சிக்கு, எந்தக் காரணத்தால் வாக்களித்தார்கள் என்பதை ஆவணக் காப்பகங்களில் தேடி எழுதியவை அவை. அப்படியொரு நூல் பத்துக் கருத்தரங்குகளுக்குச் சமம்.

அறிக்கையின் கடைசிப் பகுதியில் முதுகலை மாணவர்களின் ஆய்வுத் தலைப்புகள் இருந்தன. அவற்றுள் சுற்றுச்சூழல் சட்டம் பற்றிய ஒரு தலைப்பின் கீழே வேலூர் என்ற பெயரைக் கண்டதும் சகோதரரிடம் கேட்டேன். "நீங்கள் வேலை செய்யும் ஊர் பாடநூலில் இருப்பது தெரியுமா?"

அவருக்குத் தெரியவில்லை. ஆனால் 1996 அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், அவ்வாண்டு ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பு வழங்கியது. பாலாற்றங்கரையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகி விட்டதென்ற ஆய்வு முடிவு அதில் பதிவாயிற்று. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டித் தருவது உண்மையே, ஆயினும் அதற்காக நீரையும் நிலத்தையும் அழிக்கும் உரிமை அதற்கில்லை என்றது நீதிமன்றம். மாசு செய்தவரே இழப்பைச் செலுத்த வேண்டும் என்பதும், தீங்கு நேருமுன் தடுத்தாக வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என அத்தீர்ப்பு அறிவித்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இன்றும் இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் மாணவன் இதைப் படிக்காமல் தேற முடியாது.

"எங்கள் டேனரி பூட்டிக் கிடந்தது, பாய். கூலி இல்லை. அப்போது அந்த வழக்குப் போட்டவர்களைத் திட்டினேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "என் மாமனார் வீட்டுக் கிணற்று நீரை மாடுகூடக் குடிக்காது" என்றும் சொன்னார்.

வாசகர்களே, இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே மனிதரின் வாயிலிருந்து வந்தவை. தொழிலாளியின் கூலியும் உழவரின் கிணறும் ஒரே குடும்பத்திற்குள் மோதியிருக்கின்றன. தோல் தொழிலில் நம் சமுதாயத்தவர் பெருமளவில் இருப்பதால் இதைப் பேச நமக்குத் தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தில் எனக்கும் பங்குண்டு. தீர்ப்போடு கதையும் முடியவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரவும், மேற்பார்வையிட ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய இருபத்தெட்டரை ஆண்டுகள்! சட்டம் இருந்தும் ஆறு ஏன் மீளவில்லை? எந்த அலுவலகத்தில், எந்த மேசையில் அது நின்றது? அரசியல் அறிவியல் மாணவி ஆராய வேண்டிய கேள்வி இதுவே. சாயத் தொட்டியின் வாசம் அறிந்த வீட்டுப் பெண் அதை ஆராய்ந்தால், தொலைவிலிருந்து வருபவருக்குப் புலப்படாத பலவும் அவளுக்குப் புலப்படும்.

சகோதரர் நூலை மூடினார். "என் மகள் இதைப் பற்றி எழுதினால் முதலாளி என்ன நினைப்பார்?" என்று கேட்டார்.

"கோபிக்கலாம். அவரையும் நேரில் கண்டு கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவர் தரப்பும் அதில் இருக்கட்டும்" என்றேன்.

அவர் உடனே பதில் கூறவில்லை. தேநீர் அருந்தி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். விண்ணப்பத்தை நேரில்தான் கொடுக்க வேண்டுமா என்றும், வாலாஜா ரோட்டில் காலையில் ரயில் ஏறினால் அன்றே மகளை அழைத்துக்கொண்டு திரும்பிவிட முடியுமா என்றும் கேட்டார்.