அணைத்தால் அணைந்திருக்க வேண்டும்

என் மனைவியின் தம்பி பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் ஒரு சொல்தா. லுவார் ஆற்றங்கரையில் ஓர்லெயான் நகருக்கு வெளியே குடியிருக்கிறார். அவர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கேரவன் நிற்கிறது. நம் சினிமா நடிகர்கள் படப்பிடிப்பில் உட்காரும் கேரவன் அல்ல. காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டி, அவ்வளவுதான். அதை ஓட்டிக்கொண்டு அவரும் அவர் மனைவியும் பிரெத்தாஞ் கடற்கரை, பிரெனே மலை என்று வருஷந்தோறும் போய் வந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த அம்மாள் காலமானார். அதற்குப் பிறகும் அவர் தனியாகப் போகிறார். பிள்ளைகளுக்கு அதில் விருப்பமில்லை. "வித்துடுங்கப்பா" என்கிறார்கள். அவர்கள் காட்டும் காரணங்களில் ஒன்று பேட்டரி. நான்கு வருஷத்தில் இரண்டு பேட்டரி செத்துப்போயிற்று. ஒவ்வொன்றும் நூறு யூரோவுக்கு மேல்.

ஏன் செத்தது என்பதுதான் விஷயம். நவம்பரில் வண்டியைப் பூட்டிவிட்டால் மறுபடியும் மார்ச் கடைசியில்தான் திறப்பார். பூட்டும்போது எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார். உள்ளே ஒரு கட்டுப்பாட்டுப் பலகை உண்டு. அதன் பொத்தானையும் அமுக்கிவிடுவார். எல்லாம் நின்றுவிட்டது என்று நம்பிப் போய்விடுவார். ஆனால் நிற்கவில்லை. அந்தப் பலகையே கொஞ்சம் மின்சாரம் குடிக்கிறது. ரேடியோவின் கடிகாரம் குடிக்கிறது. கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி குடிக்கிறது. எல்லாம் சேர்ந்து நாற்பது மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் ஒன்றுமில்லாத அளவு. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு ஆம்பியர்-மணி. அவருடைய பேட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. நூறு நாளில் தொட்டி காலி. அவர் வண்டி நிற்பதோ ஐந்து மாதம்.

ஈயப் பேட்டரி காலியாகக் கிடந்தால் உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய பலம் வராது. இதோடு குளிர் வேறு. காலியான பேட்டரியில் அமிலம் தண்ணீராக நீர்த்துவிடுகிறது. தண்ணீர் போலவே உறைந்தும் போகும். நிறைந்த பேட்டரி அந்தக் குளிரைத் தாங்கிக்கொள்ளும்.

"கழற்றி வீட்டுக்குள்ள வச்சுக்கலாமே" என்று நான் கேட்டேன். இருபத்தைந்து கிலோ எடை. இருக்கைக்கு அடியில் உள்ள அறையில் இருந்து குனிந்து தூக்க வேண்டும். முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். "மாமா, பேட்டரியைத் தூக்கினா அடுத்தது என்னைத் தூக்கணும்" என்றார்.

போன வருஷம் செப்டம்பரில் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தபோது இதற்கு ஒரு முடிவு கட்டினோம். பேட்டரியை அறுத்துவிடுகிற சுவிட்ச் ஒன்று வாங்கி வந்தார். நம் ஊர் லாரிக்காரர்கள் கட்-ஆஃப் சுவிட்ச் என்பார்கள். பிரெஞ்சில் அதன் பெயர் 'கூப்-பத்ரி'. கூப் என்றால் வெட்டு. பேட்டரி வெட்டி. செய்கிற வேலையையே பெயராக வைத்திருக்கிறார்கள். விலை ஒரு பேட்டரியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வேலைப் பங்கீடு இப்படி. அவர் ஸ்பேனர் பிடித்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு குறிப்புத் தாளைப் படித்தேன். ஆயுள் முழுக்கக் கோப்பு படித்தவனுக்கு அதுதானே வரும். இராணுவத்தில் இருந்தவருக்கு எதையும் படித்துவிட்டுச் செய்யும் வழக்கம் கிடையாது. எடுத்த எடுப்பில், கேஸ் சிலிண்டர் இருக்கும் முன் பெட்டிக்குள் சுவிட்சைப் பொருத்தப் போனார். நிற்கும்போதே கை எட்டுகிற இடம் என்பது அவர் வாதம். சுவிட்சைத் திருப்பும்போது பொறி பறக்கலாம், கேஸ் இருக்கும் இடத்தில் வைக்காதே என்று தாளில் இருந்தது. சத்தமாகப் படித்தேன். வாசற்கதவுக்கு உள்ளே, இருக்கையின் பக்கவாட்டுப் பலகைக்கு மாறினோம். அங்கேயும் குனியத் தேவையில்லை.

அடுத்து, வெளியில் இருந்து வரும் 230 வோல்ட் இணைப்பைப் பிடுங்கினோம். அவரைக் கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன். முகம் மாறியது. பேட்டரி முனைக்கும் இரும்புக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் பழுக்கக் காய்ந்து விரலையே வெந்துபோகச் செய்யும் என்று விளக்கியபிறகு கழற்றி என்னிடம் கொடுத்தார். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டேன். பிறகு கறுப்பு வயரை, அதாவது மைனஸை, முதலில் கழற்றினார். பிளஸை முதலில் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை வண்டியின் இரும்பில் பட்ட நொடியில் தீப்பொறி பறக்கும். மைனஸ் கழன்றுவிட்டால் அந்த அபாயம் இல்லை. மைனஸ் முனைக்கும் அந்த வயருக்கும் நடுவே சுவிட்ச். அதற்குப் பழைய வயருக்குக் குறையாத கனத்தில் ஒரு புது வயர், இரு முனையிலும் நன்றாக அழுத்திய லக். பிளஸ் பக்கத்தையும் அதன் ஃபியூஸையும் தொடவே இல்லை.

சாவியைத் திருப்பினார். விளக்கு அணைந்தது. "முடிஞ்சுது மாமா" என்று காபி போடப் போய்விட்டார். நான் டார்ச்சை எடுக்க உள்ளே போனேன். இருட்டில் ரேடியோவின் கடிகாரம் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது.

பேட்டரியை எட்டிப் பார்த்தோம். கனமான கறுப்பு வயர் சுவிட்சுக்கு மாறியிருந்தது. ஆனால் மைனஸ் முனையிலேயே ஒல்லியாக இன்னொரு கறுப்பு வயரும் இருந்தது. கழற்றி மாட்டும்போது அதை அப்படியே பழைய இடத்தில் வைத்து முடுக்கியிருக்கிறார். யாரோ எப்போதோ ரேடியோவுக்கென்று தனியாக இழுத்த வயர். அதைப் பார்க்காமல் வந்திருந்தால், சுவிட்ச் இருக்கிறது என்கிற தைரியத்தில் இன்னும் ஒரு பேட்டரி போயிருக்கும். அதையும் சுவிட்சின் மறுபக்கத்துக்கு மாற்றினோம். மறுபடியும் திருப்பினார். கடிகாரம், பலகை, கேஸ் கருவியின் சிறு விளக்கு, மூன்றும் இருண்டன.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். அணைக்கிற பொத்தான் என்று ஒன்றை வைத்துவிட்டு, உள்ளுக்குள் பாதியை ஓடவிடுவது வாங்குகிறவனை ஏமாற்றுவதுதான். அலுவலகத்தில் 'முடிக்கப்பட்டது' என்று முத்திரை போட்ட கோப்புகள் வேறு பிரிவில் உயிரோடு உலவியதைப் பார்த்தவன் நான். மாதக்கணக்கில் நிற்கப் போகிற வண்டி எதுவாக இருந்தாலும், உண்மையாகவே அறுக்கிற ஒரு சுவிட்சைக் கை எட்டும் இடத்தில் செய்கிறவர்களே வைத்துக் கொடுக்க வேண்டும். வைக்காவிட்டால் நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்வாதம் உண்டு. குளிர்காலம் முழுக்க சார்ஜரில் போட்டு வைக்கலாம் என்பார்கள். ஆள் இல்லாத வண்டியில் ஐந்து மாதம் 230 வோல்ட்டை விட்டுவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கூரையில் சோலார் தகடு போடலாம். அவர் வண்டி நிற்பது மர நிழலில். இன்னொரு வாதம் நியாயமானது. சுவிட்சை அறுத்தால் கேஸ் கருவியும் செத்துவிடும், கிழவர் மறந்துபோய் அப்படியே படுத்துவிட்டால்? அதற்காகத்தான் கதவின் உள்பக்கம் என் கையெழுத்தில் ஒரு அட்டை ஒட்டினேன். பூட்டும் முன் வெட்டு, படுக்கும் முன் சேர். புகைக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் சொந்த பேட்டரியில் ஓடும் தனிக் கருவிகள் வாங்கி மாட்டச் சொன்னேன். மாட்டிவிட்டார்.

சுவிட்ச் ஒன்றே போதும் என்றும் சொல்ல மாட்டேன். பேட்டரி சும்மா இருந்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பூட்டும் முன் முழுக்க ஏற்றிவிட்டுத்தான் அறுக்க வேண்டும்.

இதை ஏன் புதுச்சேரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்? நம்மில் எத்தனை பேர் மூன்று மாதம், நான்கு மாதம் என்று பிள்ளைகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் போகிறோம். கார் வாசலில் நிற்கிறது. திரும்பி வந்ததும் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்கிறது. என் பழைய காரில் நானும் இப்போது ஒன்று போட்டிருக்கிறேன். புது வண்டி வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவற்றில் பேட்டரியை அறுத்தால் சில அமைப்புகளைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

இந்த மார்ச் கடைசியில் அவர் போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "மாமா, பன்னிரண்டு புள்ளி ஆறு" என்றார். முழு பேட்டரி என்று அர்த்தம். பிரெத்தாஞ் போவதாகச் சொன்னார். அவர் மனைவிக்குப் பிடித்த கடற்கரை அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"இந்த வருஷம் பேட்டரியைப் பத்தி யாரும் பேசல" என்றார்.