இசை எவருக்குரிய பாடம்?

கணிதத்துக்கு ஓர் அறை, பௌதிகத்துக்கு ஓர் ஆய்வுகூடம், தமிழுக்கு ஒரு வகுப்பு என வகுத்து வைத்துள்ள நம் கல்லூரிகளிலே, இசை பரிசளிப்பு விழாவன்று மட்டும் மேடையேறும் விருந்தாளியாகவே பெரும்பாலும் இருந்து வருகின்றது. க.பொ.த. சாதாரண தரத்தில் அழகியற் பாடங்களுள் ஒன்றாக அதனைக் கற்கும் மாணவன், உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவிற் சேர்ந்ததும் அதற்கு விடைகொடுத்து விடுகின்றான். இப்பிரிவினை இசையின் இயல்புக்கு ஒவ்வாதது என்பதே எமது துணிபு.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1892 ஆம் ஆண்டு காரைதீவிலே தோன்றிய சுவாமி விபுலானந்தர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய்க் கொழும்பில் அமர்ந்தவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்குப் பொருள் தேடப் புகுந்த அப்பெருமகன், மறைந்துபோன யாழைக் கணிதத்தின் துணைகொண்டு மீட்டெடுத்தார். அவருடைய யாழ் நூல் 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆந் திகதி சுவாமிகள் மறைந்தார். இலக்கியம் மட்டும் அறிந்தவரோ விஞ்ஞானம் மட்டும் அறிந்தவரோ அந்நூலை இயற்றியிருத்தல் இயலாது.

தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் சட்சமும், மூன்றில் இரண்டாக்கினால் பஞ்சமமும் பிறக்கின்றன. நம் முன்னோர் இளி என வழங்கிய அச்சுரம் 3:2 என்னும் விகிதமேயன்றி வேறன்று. சாதாரணத் தோற்கருவியில் ஒழுங்கான சுரம் எழுவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கருஞ்சாந்தே அதன் அதிர்வுகளை இசைவுறச் செய்கின்றது. இதனை ஆராய்ந்து 1920 இல் உலகுக்கு உரைத்தவர் சேர். சி. வி. இராமன். விகிதத்தையும் அதிர்வையும் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு வீணையையும் ஒரு மிருதங்கத்தையும் வகுப்புக்குக் கொணர்ந்தால் என்ன?

பாடங்களை இணைப்பது போலவே சமூகங்களையும் இணைக்கின்றது இசை. 1956 நவம்பர் 3 ஆந் திகதி கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் மேடையேறிய பேராசிரியர் சரச்சந்திராவின் மனமே, சிங்கள நாடகம மரபில் எழுந்தது. அம்மரபோ தமிழ்க் கூத்தின் வழிவந்தது. மத்தளமும் உடன் சென்றது. பின்னர்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே கூத்துக்குப் புத்துயிரளித்து, 1962 இல் கர்ணன் போரை மேடையேற்றினார். சாந்திநிகேதனத்தில் பயின்ற ஆனந்த சமரக்கோன் அமைத்த நாட்டுப்பண்ணைப் பண்டிதர் மு. நல்லதம்பி தமிழாக்கினார், மொழி இரண்டாயினும் மெட்டு ஒன்றே.

கொட்டாஞ்சேனையிலே கோயில் நாதசுரமும் புனித லூசியா பேராலயத்துப் பாடலும் அயலவர் செவிகளுக்குப் பழகியவை. எனினும் 1983 யூலையில் வெள்ளவத்தைத் தெருக்கள் எரிந்ததையும் நாம் கண்டோம். இசை ஒன்றே பகையைத் தடுத்துவிடும் என்று கூறுதல் பேதைமை. ஆயின், அயலானின் பாட்டை உடனிருந்து பயின்ற மாணவன் அவனை முற்றிலும் அந்நியனாக எண்ணுதல் அரிது.

பரீட்சைச் சுமையிடையே இதற்கு நேரமேது என்பார் சிலர். மரபின் தூய்மை கெடும் என்பார் வேறு சிலர். நாம் வேண்டுவது புதிய பாடமன்று. தவணைக்கு ஒரு நாள் கணித, பௌதிக, வரலாறு, தமிழ், சிங்கள ஆசிரியர்கள் சங்கீத ஆசிரியரோடு ஒன்றுகூடிக் கற்பிக்கும் ஒரு வகுப்பேயாம். கலப்பினால் மரபு கெடும் என்பார்க்கு யாழ் நூலே விடை. கணக்கிட்டதனால் யாழின் பெருமை குன்றவில்லை, மறதியிலிருந்து மீண்டது.

பழைய மாணவர்காள்! வாத்தியங்களை வாங்கித் தருவதும், அயற் கல்லூரி மாணவரை நம் மண்டபத்துக்கு அழைப்பதும் உங்களால் இயலும். யூபிலியின் நினைவாகக் கல்வெட்டு நாட்டுவதினும், அனைத்து மாணவரும் அமர்ந்து கேட்கும் ஓர் இசையறையை அமைப்பது சாலச் சிறந்தது.